பிரேக் தூசி, பட்டித் தூசி: வண்டிப் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாரி, பஸ், கார், பைக் என்று எந்தப் பட்டறைக்குப் போனாலும் தூசி பற்றிப் பேச்செடுத்தால் வருவது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். முதல் சில கேள்விகளைத் தாண்டிக் கீழே போனால் சிக்கலானவை வரும், அவற்றுக்கு மேலே உள்ள பதில்களும் தேவைப்படும், அதனால் முடிந்தால் வரிசையாகப் படியுங்கள்.

அண்ணே, பிரேக் டிரம்முக்குள்ள இருக்கிற அந்தக் கறுப்புத் தூசில அப்படி என்னதான் இருக்கு?

பிரேக் பிடிக்கும்போது டிரம்மில் உரசுகிற லைனிங் தேய்ந்த பொடி, டிரம் தேய்ந்த இரும்புப் பொடி, ரோட்டு மண், கசிந்த கிரீஸ் எல்லாம் கலந்ததுதான் அது. இதில் பயப்பட வேண்டிய சரக்கு லைனிங்கிலிருந்து வருகிறது. பழைய வகை லைனிங்கிலும் கிளட்ச் பிளேட்டிலும் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்கும். சூட்டைத் தாங்கும், எளிதில் தேயாது, விலையும் குறைவு என்பதால் பல பத்தாண்டுகளாக அதையே போட்டார்கள். அந்த நார் பிரிந்து பிரிந்து கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெலிந்துவிடும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும், உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, முழுசாக வெளியே தள்ளவும் முடியாது.

அதனால் வருகிற முக்கியமான நோய்கள் மூன்று. நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டோசிஸ் ஒன்று, நுரையீரல் புற்றுநோய் இன்னொன்று. மூன்றாவது மீசோதெலியோமா, நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் வருகிற புற்றுநோய். வெள்ளை, நீலம், பழுப்பு என்று எந்த வகை ஆஸ்பெஸ்டாஸாக இருந்தாலும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

அதெல்லாம் பழைய காலம் சார், இப்ப யாரு ஆஸ்பெஸ்டாஸ் போடுறா?

புது வண்டிகளில் கம்பெனியிலிருந்தே வருகிற லைனிங் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாததுதான், அது உண்மை. ஆனால் இந்தியாவில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை கிடையாது. இங்கே தோண்டி எடுப்பதை நிறுத்திவிட்டார்கள், வெளிநாட்டிலிருந்து இறக்குமதி மட்டும் தொடர்கிறது. பெரும்பகுதி கூரை ஷீட்டுக்குப் போகிறது என்றாலும், பெயர் தெரியாத மலிவு லைனிங்கில் அது இருக்காது என்று யாரும் உங்களுக்கு உத்தரவாதம் தர முடியாது. ஆஸ்திரேலியா 2003 கடைசியிலும், ஐரோப்பிய நாடுகள் 2005க்குள்ளும், கனடா 2018லும் தடை போட்டுவிட்டன. அமெரிக்காவிலேயே வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்கான தடை உத்தரவு 2024இல்தான் வந்தது என்றால் பாருங்கள்.

இன்னொன்று, பட்டறைக்கு வருவது புது வண்டி மட்டுமில்லையே. பதினைந்து இருபது வருஷம் ஓடிய லாரியும், பிரித்து விற்கிற கடையிலிருந்து வாங்கி வந்த, லைனிங் பதித்த பிரேக் ஷூவும் சேர்ந்துதான் வருகிறது.

லைனிங்கைப் பாத்தே ஆஸ்பெஸ்டாஸா இல்லையான்னு சொல்ல முடியாதா?

முடியாது. நிறத்தை வைத்தும் சொல்ல முடியாது, உடைத்துப் பார்த்தும் சொல்ல முடியாது, மைக்ராஸ்கோப் வைத்த பரிசோதனைக் கூடத்தில் பார்த்தால்தான் தெரியும். அட்டைப் பெட்டியில் 'ஆஸ்பெஸ்டாஸ் ஃப்ரீ' என்று போட்டிருந்தால் அது நீங்கள் இப்போது மாட்டப்போகிற ஷூவுக்கு. கழற்றப்போகிற பழைய ஷூவுக்கு ஏது பெட்டி? அதனால் எல்லா டிரம்மையும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே திறக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டறைகளிலும் இதுதான் விதி.

ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங் என்றாலும் அதில் கண்ணாடி நார், உலோகப் பொடி, சில சமயம் சிலிக்கா இருக்கும். அதையும் மூச்சில் இழுக்கக்கூடாது.

முப்பது வருஷமா ஏர் அடிச்சுத்தான் டிரம்மை ஊதுறோம், எங்க வாத்தியாருக்கு ஒண்ணும் ஆகலையே?

இந்த நோய் அன்றைக்கே இருமல் வரவைக்கிற நோய் இல்லை. நார் உள்ளே போய் 20, 30, 40 வருஷம் கழித்துத்தான் வெளியே தெரியும். இருபது வயதில் ஊதியவருக்கு ஐம்பதைத் தாண்டி மூச்சு வாங்கும்போது, வயசாச்சு, பீடி குடிச்சாரு என்று சொல்லி விட்டுவிடுகிறோம், டிரம்மை யாரும் நினைப்பதில்லை. ஒருவருக்கு வரவில்லை என்பதால் அடுத்தவருக்கு வராது என்றும் ஆகாது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஆஸ்பெஸ்டாஸுக்குக் கிடையாது என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு.

அழுத்தக் காற்று அடிக்கிற ஏர் கன்னால் ஊதும்போது நடப்பது என்ன? டிரம்மின் மூலையில் சும்மா கிடந்த பொடி ஒரே நொடியில் உங்கள் முகத்துக்கு நேராகப் புகையாக எழுகிறது. கனமான தூள் தரையில் விழுந்துவிடும், மெல்லிய நார் மட்டும் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். ஊதியவர் டீ குடிக்கப் போய்விடுவார், பக்கத்து வண்டியில் வயரிங் பார்க்கிறவர் அதை இழுத்துக்கொண்டிருப்பார். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதியில் பிரேக்கை வெறும் ஏரால் ஊதுவதும், காய்ந்த பிரஷ்ஷால் தட்டுவதும் கூடாது என்றே எழுதியிருக்கிறது. நம் பட்டறையில் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றச் சொன்னால் நான் சொல்வது இதைத்தான்.

ஏர் அடிக்காம எப்படிண்ணே சுத்தம் பண்றது?

நனைத்துத்தான். செடிக்கு மருந்து அடிக்கிற சின்ன கை பம்ப் ஸ்பிரேயர் ஒன்று, தண்ணீரில் கொஞ்சம் சோப்பு திரவம், அடியில் வைக்க ஒரு அகலமான டிரே, பனியன் வேஸ்ட், கெட்டியான பிளாஸ்டிக் பை. இதற்கு மேல் பெரிய சாமான் எதுவும் தேவையில்லை. சோப்பு எதற்கென்றால், வெறும் தண்ணீர் பொடியின் மேல் உருண்டு ஓடிவிடும், சோப்பு கலந்தால் உள்ளே ஊறும்.

முதலில் டிரம் ஆறட்டும், ஓடிவந்த சூட்டில் தண்ணீர் அடித்தால் டிரம்முக்கும் கேடு, ஆவியில் கையும் வேகும். வீலைக் கழற்றி டிரேயை அடியில் வையுங்கள். டிரம்மை இழுப்பதற்கு முன்பே, அட்ஜஸ்டர் ஓட்டை வழியாகவும் டிரம்முக்கும் பின்தட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியிலும் தண்ணீரை மெதுவாக விடுங்கள். பலர் தப்பு செய்வது இங்கேதான். டிரம் இறுகியிருந்தால் சுத்தியலால் நாலு தட்டு தட்டுவோம், அந்தத் தட்டிலேயே பாதித் தூசி பறந்துவிடும், டிரம்மைக் கழற்றிய பிறகு நனைத்து என்ன பயன்? வெளியே எடுத்ததும் டிரம்மின் உட்புறம், ஷூ, ஸ்பிரிங், ஹப், பின்தட்டு எல்லாவற்றையும் மென்மையாக நனைத்து, மேலிருந்து கீழாகத் துடையுங்கள். ஒரு துணியை ஒரு பக்கம் துடைத்ததும் மடித்துக்கொள்ளுங்கள், அழுக்குப் பக்கத்தாலேயே மறுபடி தேய்க்க வேண்டாம். துணி காய்வதற்குள் பைக்குள் போட்டுக் கட்டிவிட வேண்டும், காய்ந்து உதறினால் மறுபடியும் அதே தூசிதான்.

வாட்டர் சர்வீஸ் கன்னால் ஒரேயடியாக அடித்துவிடலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். அந்த வேகத்தில் தண்ணீர் சாரலோடு நாரும் சேர்ந்து தெறிக்கும், சாரல் காய்ந்ததும் சுவரிலும் தரையிலும் தூசியாக நிற்கும்.

டீசல்லயோ பெட்ரோல்லயோ கழுவினா தூசி பறக்காதே, அது போதாதா?

தூசி பறக்காதுதான். ஆனால் டீசல், மண்ணெண்ணெய் லைனிங்கில் ஊறினால் பிரேக் பிடிக்காது, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பெட்ரோல் என்றால் ஒரு பொறி போதும், பக்கத்தில் வெல்டிங் நடக்கிற பட்டறையில் இதைச் செய்யவே கூடாது. கேனில் வருகிற பிரேக் கிளீனர் பரவாயில்லை, ஆனால் அதையும் கிட்டே பிடித்து வேகமாக அடித்தால் ஏர் அடித்த மாதிரிதான். தள்ளிப் பிடித்து முதலில் மேலாக நனையுங்கள், பிறகு துடையுங்கள். கதவு திறந்திருக்கட்டும், அதன் ஆவியும் நல்லதில்லை.

வீட்டு வேக்கூம் கிளீனர் ஒண்ணு சும்மா கிடக்கு, அதை வெச்சு இழுக்கலாமா?

கூடாது. அதன் வடிகட்டி பெரிய தூளைப் பிடித்துவிட்டு மெல்லிய நாரைப் பின்பக்கமாக ஊதிவிடும். 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கிற ஹெப்பா வடிகட்டி வைத்த, தொழிற்சாலைக்கான வேக்கூம் என்றால் சரி. அதிலும் பையை மாற்றும்போதுதான் ஆபத்து, நனைத்துவிட்டு மாஸ்க்கோடு மாற்ற வேண்டும். தினமும் பல வண்டிக்கு பிரேக் பார்க்கிற பெரிய பட்டறைக்கு இது தகும். சின்னப் பட்டறைக்கு மேலே சொன்ன நனைத்துத் துடைக்கிற முறை போதும்.

மூஞ்சில கர்சீப் கட்டிக்கிறோம், போதும்ல?

போதாது. கர்சீப், துண்டு, ஆஸ்பத்திரியில் போடுகிற நீல மாஸ்க் மூன்றும் இந்த நாரைத் தடுக்காது. கொரோனா காலத்தில் எல்லோரும் பழகிய என்95 மாஸ்க், வண்டி பாடியின் குழிகளை நிரப்பப் பூசுகிற பட்டியைத் தேய்க்கும் தூசிக்கு உதவும், ஆஸ்பெஸ்டாஸுக்குப் போதாது. அதற்கு எஃப்எஃப்பி3 வகை, அல்லது ரப்பர் அரைமுக மாஸ்க்கில் பி100 வடிகட்டி மாட்டியது வேண்டும். எஃப்எஃப்பி3 என்றால் இந்தியத் தர எண் ஐஎஸ் 9473 அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தாடி இருந்தால் எந்த மாஸ்க்கும் முகத்தோடு ஒட்டாது, ஓரத்து இடுக்கு வழியாகத்தான் காற்று உள்ளே போகும். மீசை மாஸ்க்குக்குள் அடங்கினால் பிரச்சினை இல்லை. மாஸ்க் போட்டுவிட்டேன், இனி ஏர் அடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்களுக்கு மாஸ்க் இருக்கிறது, பக்கத்தில் நிற்கிற ஹெல்பருக்கும் வண்டிக்காரருக்கும் இல்லையே.

பிரேக் பிடிக்கிற சூட்டுல ஆஸ்பெஸ்டாஸ் வெந்து வேற பொருளாயிடும்னு படிச்சேன், அப்ப தூசியால ஆபத்து இல்லைதானே?

நல்ல கேள்வி, பாதி சரியும்கூட. உராய்வுச் சூட்டில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸின் பெரும்பகுதி ஃபார்ஸ்டரைட் என்ற வேறு கனிமமாக மாறிவிடும், தேய்ந்த பொடியில் மிஞ்சுகிற நாரின் பங்கு குறைவுதான். ஆனால் குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, அதையே வருஷக்கணக்கில் தினமும் ஊதினால் சேரும்.

முக்கியமான விஷயம் இதற்கு மறுபக்கத்தில் இருக்கிறது. புது லைனிங் இன்னும் சூடே படாதது, அதில் நார் அப்படியே முழுசாக இருக்கிறது. லைனிங் அடித்துத் தருகிற கடையில் ரிவெட்டுக்கு ஓட்டை போடுவது, ஓரத்தைச் சாய்வாக உரசுவது, டிரம்முக்குப் பொருந்தும்படி கிரைண்டிங் பிடிப்பது, பட்டறையில் உப்புத்தாளால் மேலாகத் தேய்ப்பது, இவற்றில்தான் நார் அதிகம் பறக்கும். அதனால் பொட்டலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று உறுதியாகப் போட்ட லைனிங்கை, வண்டிக்குச் சரியான அளவில், ஓட்டை போட்டே வருவதாகப் பார்த்து வாங்குங்கள். உரசித்தான் ஆக வேண்டும் என்றால் மிஷினில் உரச வேண்டாம். ஈரப்படுத்தி, கையால், மாஸ்க்கோடு செய்யுங்கள்.

பைக்கு, டிஸ்க் பிரேக்கு, கிளட்ச்சுக்கெல்லாம்கூட இதேதானா?

ஆமாம். டிஸ்க் பிரேக் திறந்திருப்பதால் தூசி ஓடும்போதே ரோட்டில் போய்விடும், கேலிப்பரில் தங்குவது குறைவு, இருந்தாலும் நனைத்தே துடையுங்கள். கிளட்ச் நேர்மாறு, மூடிய ஹவுசிங்குக்குள் மொத்தப் பொடியும் அடைந்திருக்கும், கியர்பாக்ஸை இறக்கியதும் கீழே படுத்திருப்பவர் முகத்தில்தான் கொட்டும். இறக்கியவுடன் முதல் வேலை ஸ்பிரே. இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும்: பழைய இன்ஜின்களின் ஹெட் கேஸ்கட்டும், சைலன்ஸரில் சுற்றியிருக்கும் வெள்ளைக் கயிறும் நாடாவும். அதுவும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், காய்ந்தபடி சுரண்டக்கூடாது.

நாங்க டிங்கரிங், பெயிண்டிங் மட்டும்தான், எங்களுக்கு என்ன பயம்?

உங்கள் தூசி வேறு, அவ்வளவுதான். பட்டியில் பெரும்பகுதி டால்க் பொடி, அதோடு பாலியஸ்டர் ரெசின். நாள் முழுக்க இழுத்தால் நுரையீரல் தாங்காது. பிரேக்குக்குச் சொன்ன மாதிரி இதை நனைத்துத் தேய்க்கச் சொல்ல மாட்டேன், பட்டி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உள்ளே தகடு துருப்பிடிக்கும், பெயிண்ட் கொப்பளிக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஓட்டையுள்ள உப்புத்தாள் டிஸ்க் போட்டு, தூசியை அங்கேயே இழுக்கிற சாண்டர் மிஷின் நல்லது. இல்லையென்றால் திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, என்95 போட்டுத் தேய்க்கலாம். பிரைமரையும் பெயிண்டையும் வாட்டர் பேப்பரால் ஈரமாகவே தேய்க்கலாம்.

பழைய பெயிண்டை எடுக்கும்போது அதிகக் கவனம் வேண்டும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் ஈயக் குரோமேட் இருக்கலாம், நம் லாரி பாடிகளில் இந்த நிறங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஈயம் 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற 2016ஆம் ஆண்டு விதி வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் அடிக்கிற பெயிண்டுக்குத்தான், வண்டிப் பெயிண்டுக்கு இல்லை. ஈயம் மூச்சில் மட்டுமா போகிறது, தூசிக் கையால் வடை எடுத்தாலும், பீடி பற்ற வைத்தாலும் போகும். சோப்பு போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். ஹார்டனர் கலந்த டூகே பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது, அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஸ்பிரே அடிக்கும்போது தூசி மாஸ்க் அதைத் தடுக்காது, வெளியிலிருந்து சுத்தக் காற்று வருகிற மாஸ்க்தான் வேண்டும். முழுசாகக் காயாத டூகே பெயிண்டைத் தேய்க்கவும் வேண்டாம்.

பிஎஸ்6 வண்டில டிபிஎஃப் அடைச்சுக்குது, கழற்றி ஏர் அடிச்சா சரியாகுமா?

பிஎஸ்6 என்ற புகை விதிப்படி 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளால் இது புதுக் கேள்வியாகிவிட்டது. டிபிஎஃப் என்பது டீசல் கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி. உள்ளே இருப்பது கரியும், இன்ஜின் ஆயிலிலிருந்து வந்த கால்சியம், துத்தநாகச் சாம்பலும். டீசல் புகை புற்றுநோய் தரும் என்று மேலே சொன்ன அதே புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது, அது மூச்சில் போகக்கூடாது என்று பிடித்து வைத்ததை நாமே பட்டறைக்குள் ஊதிவிட்டால் எப்படி? ஏரின் வேகத்தில் உள்ளே இருக்கிற பீங்கான் கூடு உடையவும் உடையும். முதலில் ஸ்கேனர் போட்டு, கரியை உள்ளேயே எரித்துத் தீர்க்கிற ரீஜெனரேஷன் ஓட்டிப் பாருங்கள், கேட்கவில்லை என்றால் மூடிய மிஷினில் சுத்தம் செய்து தருகிறவர்களிடம் கொடுங்கள்.

வேலை டிரஸ்ஸோட வீட்டுக்குப் போறேன், அதனால பிள்ளைங்களுக்கு எதுவும் ஆகுமா?

ஆகும். ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலைக்குள் ஒரு நாள்கூடக் கால் வைக்காத பெண்கள், கணவரின் சட்டையை உதறித் துவைத்ததாலேயே மீசோதெலியோமா வந்து இறந்திருக்கிறார்கள், பல நாடுகளில் இது பதிவாகியிருக்கிறது. ஈயத் தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். பட்டறைக்கென்று தனி உடுப்பு வைத்துக்கொண்டு, அங்கேயே மாற்றி, கை முகம் கழுவிவிட்டுக் கிளம்புங்கள். துணியை உதறாமல் தண்ணீரில் முக்கி, மற்ற துணியோடு சேர்க்காமல் துவையுங்கள். சாயங்காலம் உடம்பைத் தட்டிவிட ஏர் கன்னை எடுக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

துடைச்ச துணி, பழைய லைனிங், டிரேல நிக்கிற தண்ணி, எல்லாத்தையும் எங்க போடுறது?

டிரேயில் இருக்கிற தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், மரத்தூளில் ஊறவிட்டு அதையும் துணியோடு ஈரமாகவே பைக்குள் போடுங்கள். ஒரு பைக்கு மேல் இன்னொரு பை, வாயை இறுக்கிக் கட்டி, மேலே 'ஆஸ்பெஸ்டாஸ் தூசி, பிரிக்க வேண்டாம்' என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். எரிக்கவும் கூடாது, ஆஸ்பெஸ்டாஸ் எரியாது, பை எரிந்து நார் வெளியே வந்துவிடும்.

இது அபாயக் கழிவு. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட கழிவைப் புதைக்கிற இடம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. சின்னப் பட்டறை ஒன்று தனியாக அங்கே அனுப்புவது கஷ்டம், ஒரே பகுதியிலிருக்கும் பட்டறைகள் சங்கமாகச் சேர்த்து வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு அனுப்பலாம். அதுவரை பூட்டிய டிரம்மில் வையுங்கள். தூய்மைப் பணியாளர் கையால் பிரிக்கிற குப்பையில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இருபத்தஞ்சு வருஷமா இதே வேலை, இப்பப் போய் டெஸ்ட் பண்ணி என்ன பிரயோஜனம்?

உள்ளே போன நாரை எடுக்க முடியாது, அதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் பிரயோஜனம் இருக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே, ஊதிப் பார்க்கிற ஸ்பைரோமெட்ரி இரண்டும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எடுக்கலாம், சென்னைப் பக்கம் என்றால் தாம்பரம் சானடோரியத்தில் நெஞ்சக நோய்க்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. போனால் இருமல் என்று மட்டும் சொல்லாமல், இத்தனை வருஷம் பிரேக் தூசியில் வேலை பார்த்தேன் என்று வாய்விட்டுச் சொல்லிச் சீட்டில் எழுத வையுங்கள், இல்லாவிட்டால் காசநோயாகவோ சாதாரண மூச்சிரைப்பாகவோ நினைத்துவிட வாய்ப்பு உண்டு. சிகரெட்டும் ஆஸ்பெஸ்டாஸும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு பெருகும். இன்றைக்குப் புகையை விட்டால் அந்த ஆபத்து குறையத் தொடங்கும், இது உங்கள் கையில் இருக்கிறது.

முதலாளி 'இதெல்லாம் பாத்தா தொழில் பண்ண முடியாது'ங்கிறாரு. சட்டம் ஏதாவது இருக்கா?

இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் ஆரோக்கியம் வாழும் உரிமையோடு சேர்ந்தது என்றது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலைகள் ஒவ்வொருவரின் மருத்துவப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற பட்டறை, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு, ஆஸ்பெஸ்டோசிஸ் அந்தச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. பதினெட்டு வயது ஆகாத பையனை இந்த மாதிரி ஆபத்தான வேலையில் விடுவது குற்றம்.

சட்டம் பேசினால் முதலாளி முறைப்பார் என்றால் கணக்கைப் பேசுங்கள். ஒரு ஸ்பிரேயரும் சோப்பும் ஒரு செட் லைனிங் விலைகூட ஆகாது, நனைத்துத் துடைக்க ஒரு வீலுக்குச் சில நிமிஷம்தான் கூடுதல். முதலாளியும் அதே ஷெட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார், அவர் கல்லாப்பெட்டி வரைக்கும் அந்தத் தூசி போகிறது என்பதையும் சொல்லுங்கள்.

எங்களுது ரோட்டோரப் பட்டறை, வெட்டவெளி. காத்துல எல்லாம் போயிடும்தானே?

உங்களுக்குக் கொஞ்சம் குறையும், பக்கத்து டீக்கடைக்கும் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளுக்கும் போகும். வெட்டவெளி என்பதால் ஏர் அடிக்க அனுமதி என்று ஆகாது. டிரேயும் ஸ்பிரேயரும் ரோட்டோரத்திலும் அப்படியே வேலை செய்யும். வண்டிக்காரரை வீல் பக்கத்தில் குந்த வைத்து லைனிங்கைக் காட்டுவதாக இருந்தால், நனைத்துத் துடைத்து முடித்த பிறகு கூப்பிட்டுக் காட்டுங்கள். கடை மூடும்போது தரையைத் தண்ணீர் தெளித்துத்தான் கூட்ட வேண்டும், காய்ந்த விளக்குமாற்றை எடுக்காதீர்கள்.